வரைபடத்தில் கண் தடுமாறும் இடங்கள்

எண்களைப் படமாக்கும்போது, எந்த வகைப் படம் அழகாக இருக்கும் என்றுதான் பலரும் முதலில் யோசிக்கிறார்கள். பார்ப்பவர் எதை எதோடு ஒப்பிடப் போகிறார், அதைக் கண் சரியாகக் கணிக்குமா என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

வில்லியம் கிளீவ்லாந்து, ராபர்ட் மெக்கில் என்ற புள்ளியியலாளர்கள் 1984-இல் இதைச் சோதித்தார்கள். ஒரே அளவுகோலில் அமைந்தவற்றை ஒப்பிடும்போது பிழை குறைவு. கோணத்தையும் பரப்பையும் கணிக்கச் சொன்னால் பிழை கூடுகிறது. வட்டத்தைத் துண்டுகளாகப் பிரித்துக் காட்டும் பை சார்ட்டில் 23 சதவீதத் துண்டுக்கும் 26 சதவீதத் துண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் திணறுவது அதனால்தான். பட்டைகளாகப் போட்டால் ஒரு பார்வை போதும். முப்பரிமாணப் பை சார்ட்டை அறவே விட்டுவிடுங்கள். முன்னால் இருக்கும் துண்டு உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும்.

வட்டங்களில் நடக்கும் தவறு இன்னும் பெரியது. மதிப்பு இரண்டு மடங்கானது என்று ஆரத்தையும் இரண்டு மடங்காக்கினால் பரப்பு நான்கு மடங்காகிவிடும். சரி, பரப்பையே முறையாகக் கணக்கிட்டு வரைந்தாலும், பெரிய வட்டத்தை நாம் பொதுவாகக் குறைத்தே மதிப்பிடுகிறோம். துல்லியம் வேண்டுமென்றால் பக்கத்தில் எண்ணையும் எழுதிவிடுங்கள்.

பட்டைகள் பூஜ்யத்தில் தொடங்க வேண்டும். 50, 52 என்ற மதிப்புகளை 48-இலிருந்து வரைந்தால் ஒன்று மற்றதைப் போல இரு மடங்கு உயரமாக நிற்கும். கோட்டு வரைபடத்துக்கு இந்தக் கட்டாயம் இல்லை.

ஆனால் அங்கே வேறொரு சிக்கல், பலர் கவனிக்காதது. இரண்டு கோடுகள் செங்குத்தாக ஏறும் இடத்தில் அவற்றின் இடைவெளி சுருங்கியதுபோல் தோன்றும். நேர் மேல்கீழ்த் தூரத்தை விட்டுவிட்டு, மிகக் குறுகிய தூரத்தைக் கண் பிடித்துக்கொள்கிறது. வித்தியாசம்தான் செய்தி என்றால், அதையே தனிக்கோடாக வரையுங்கள்.

அப்புறம் நிறம். வானவில் வண்ணங்களில் எது அதிகம், எது குறைவு என்ற இயல்பான வரிசை கிடையாது. நடுவில் வரும் மஞ்சள் மட்டும் பளிச்சென்று துருத்தி, தரவில் இல்லாத எல்லையைக் காட்டும். மேட்பிளாட்லிப் என்ற வரைபட மென்பொருள் 2017-இல், தானாக வரும் வண்ண வரிசையாக இருந்த வானவில்லைக் கைவிட்டு, வெளிச்சம் சீராகக் கூடும் விரிடிஸ் என்ற வண்ண வரிசைக்கு மாறியது நல்ல முடிவு. சிவப்பு, பச்சை இரண்டை மட்டும் நம்பாதீர்கள்: வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதம் பேருக்கு அந்த வேறுபாடு சரியாகத் தெரியாது. படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். அப்போதும் புரிந்தால் வெளியிடலாம்.