பழைய விண்டோவை மூடாதீர்கள்: சர்வருக்குள் எஸ்எஸ்எச் வழியாகப் பாதுகாப்பாக நுழைவது எப்படி?

கல்முனையில் ஒரு கடையின் சர்வரை, கல்லடியில் வீட்டிலிருந்தே எஸ்எஸ்எச் வழியாகப் பார்த்துக்கொள்கிறேன். தூரத்திலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழைந்து கட்டளை கொடுக்கும் வழிதான் எஸ்எஸ்எச். ஒரு மார்கழி மழை நாளில் அவசரமாக ஃபயர்வோலை (தேவையற்ற இணைப்புகளைத் தடுக்கும் மென்பொருள்) போட்டுவிட்டு, சர்வருக்குள் நுழைந்திருந்த விண்டோவை மூடினேன். எஸ்எஸ்எச் நுழையும் வாசலான 22ஆம் போர்ட்டைத் திறந்துவிடவில்லை. மறுபடி நுழைய வழியில்லை. கடையிலும் பில் போட முடியாமல் ஆட்கள் காத்து நிற்க, பஸ் ஏறிப் போய்த்தான் சரிசெய்தேன். உங்களுக்கு அப்படி ஆகாதிருக்க, உபுண்டு சர்வரில் இந்த ஒழுங்கிலேயே செய்யுங்கள்.

முதலில், சுடோ அனுமதி (தேவைப்படும்போது நிர்வாகி வேலை செய்யும் அனுமதி) உள்ள ஒரு சாதாரணப் பயனரை உருவாக்குங்கள். எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனராக நுழையும் பழக்கம் வேண்டாம்.

அடுத்து, உங்கள் லப்டொப்பில் எஸ்எஸ்எச்-கீஜென் கட்டளையால் ‘இடி25519’ வகைத் திறப்பு ஒன்றைச் செய்யுங்கள். இரண்டு கோப்புகள் வரும். ‘பப்’ என்று முடிவது பூட்டு மாதிரி, அதை எந்த சர்வரிலும் வைக்கலாம். மற்றதுதான் திறப்பு. அதை வாட்ஸ்அப்பில்கூட யாருக்கும் அனுப்பாதீர்கள். லப்டொப் களவு போனாலும் காப்பாற்ற, அதற்கொரு கடவுச்சொல்லும் போடுங்கள்.

எஸ்எஸ்எச்-கொப்பி-ஐடி கட்டளை பூட்டை சர்வரில் கொண்டுபோய் வைக்கும். இப்போது நுழைந்து பாருங்கள். சர்வரின் கடவுச்சொல்லைக் கேட்காமல் விட்டால் சரி.

இனித்தான் கவனம் தேவை. சர்வரின் எஸ்எஸ்எச் அமைப்புகள் உள்ள எஸ்எஸ்எச்டி கொன்ஃபிக் கோப்பில் ‘பாஸ்வேர்ட் ஒதென்டிகேஷன்’ (கடவுச்சொல்லால் நுழைவது), ‘பேர்மிட் ரூட் லொகின்’ (ரூட்டாக நுழைவது) இரண்டுக்கும் ‘நோ’ கொடுங்கள். பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் பக்கத்து ‘கொன்ஃபிக் டி’ ஃபோல்டரில் 50 என்று தொடங்கும் கிளவுட்-இனிட் (சர்வரை முதலில் அமைத்துத் தரும் மென்பொருள்) கோப்பு இருந்து, அதில் கடவுச்சொல்லுக்கு ‘யெஸ்’ என்றிருந்தால், அதுதான் செல்லும். எஸ்எஸ்எச் முதலில் படிக்கும் வரியையே எடுத்துக்கொள்ளும், அந்தக் கோப்பு முதலில் படிக்கப்படுகிறது. அதனால் அங்கேயும் மாற்றுங்கள். எஸ்எஸ்எச்டி கட்டளையைச் சிறிய ‘டி’ (-t) எழுத்துடன் கொடுத்தால் எழுத்துப் பிழை தெரியும். பெரிய ‘டி’யுடன் (-T) கொடுத்தால் உண்மையில் நடைமுறைக்கு வரும் அமைப்பு தெரியும். பிழையில்லை என்றால், மாற்றம் நடைமுறைக்கு வர எஸ்எஸ்எச் சேவையை ரீலோட் செய்யுங்கள்.

ஃபயர்வோலில் முதலில் ஓபன்எஸ்எஸ்எச் (அந்த 22ஆம் போர்ட்), கடையின் பில் மென்பொருள் பயன்படுத்தும் போர்ட் இரண்டையும் அனுமதியுங்கள். அப்புறம்தான் இயக்க வேண்டும்.

இவ்வளவு நேரமும் பழைய விண்டோ திறந்தே இருக்கட்டும். புதிய விண்டோவில் நுழைந்து பாருங்கள். பிறகு திறப்பு இல்லாத வேறொரு கணினியிலிருந்தும் முயலுங்கள். கடவுச்சொல்லே கேட்காமல் ‘பேர்மிஷன் டினைட்’ என்று வர வேண்டும். வந்துவிட்டதா? இனிப் பழைய விண்டோவை மூடலாம்.