சிப்பி வளர்ப்பில் கணக்கு தவறும் இடங்கள்

உணவுக்காகக் கடலில் வளர்க்கும் சிப்பிக்குத் தீவனச் செலவு கிடையாது. கடல்நீரிலுள்ள நுண்பாசியை வடிகட்டித் தின்றே வளர்ந்துவிடும். அதனால் லாபம் நிச்சயம் என்று நம்பி இறங்குபவர்கள் கூலியை மறந்துவிடுகிறார்கள். வலைப்பையைத் திருப்பிப் போட, அளவு பார்த்துப் பிரிக்க, ஓட்டில் ஒட்டி வளரும் கொட்டலசைச் சுரண்ட, கழுவ என்று ஒவ்வொரு சிப்பியும் பலமுறை கைபட்டுத்தான் விற்பனைக்குப் போகிறது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, விட்ட குஞ்சுகளின் எண்ணிக்கையை வைத்து அடக்கவிலை போடுவது. 1,00,000 குஞ்சு விட்டு 30 சதவீதம் இறந்தால் மிச்சம் 70,000. அதில் 10 சதவீதம் ஓடு கோணலாகி விலைபோகாவிட்டால் விற்பனைக்கு 63,000. மொத்தச் செலவை இந்த எண்ணால்தான் வகுக்க வேண்டும். அப்படி வகுத்தால் ஒரு சிப்பியின் அடக்கவிலை முதல் கணக்கைவிட ஏறத்தாழ 59 சதவீதம் கூடுகிறது! மாதம் ஒருமுறை சில பைகளைத் திறந்து உயிருள்ளவற்றை எண்ணிக் குறித்து வந்தால் இழப்பு முன்கூட்டியே தெரியும். சிப்பியைத் தின்னும் நண்டு பைக்குள் புகுந்திருந்தாலும் அப்போதே பிடிபடும்.

பை செலவை மிச்சம்பிடிக்க நெருக்கி அடைப்பதும் நஷ்டமே. கிடைக்கும் பாசியைப் பல வாய்கள் பங்கிட்டுக்கொள்ளும். வளர்ச்சி தள்ளிப்போகும், கூலி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

குளிர்ந்த கடல்களில் விற்பனை அளவுக்கு வளர இரண்டு மூன்று ஆண்டுகள் பிடிக்கும். ஆண்டுதோறும் குஞ்சு விடுபவர், முதல் அறுவடைப் பணம் வருவதற்குள் இரண்டு மூன்று தொகுதிகளுக்கான குஞ்சு, பை, கூலி எல்லாவற்றுக்கும் கைப்பணம் போட்டாக வேண்டும். ஒரே தொகுதிக்குக் கணக்குப் பார்த்துக் கடன் வாங்கினால் நடுவில் பணம் தீர்ந்துவிடும்.

முட்டையிட்டு முடித்த சிப்பியில் சதை வற்றியிருக்கும். அறுவடைக்கு முன் 20 சிப்பிகளை ஓட்டோடு எடைபோட்டு, பிறகு சதையை மட்டும் எடைபோட்டு, எத்தனை சதவீதம் என்று பாருங்கள். போன முறையைவிடக் குறைந்திருந்தால் பொறுத்திருப்பது நல்லது.

நச்சுப்பாசி பெருகினால் அறுவடைக்குத் தடை வரும். அது வாரக்கணக்கில்கூட நீளலாம். சிப்பியில் சேரும் அந்த நச்சு வேகவைத்தாலும் அழியாது. பாக்டீரியாவைப் போக்கும் சுத்திகரிப்புத் தொட்டியையும் இதற்கு நம்ப முடியாது. பெருமழையில் கழிவுநீர் கலந்தாலும் இதே தடைதான். கடன் தவணையை அறுவடை மாதத்தோடு இறுக்கிக் கட்டாமல், சில மாத நடப்புச் செலவைத் தனியே ஒதுக்கி வையுங்கள். முடிந்தால் வளர்ப்பை இரண்டு வெவ்வேறு நீர்ப்பகுதிகளில் பிரித்துப் போடுங்கள்.