ஆபீஸ் விசாரணைக்குப் பிறகு நஷ்டஈட்டு வழக்கு: எங்கே கோட்டை விடுகிறார்கள்?

கல்லாவில் பணம் குறைகிறது என்று ஒருவரை ரூமில் உட்கார வைத்து மணிக்கணக்கில் குடைவார்கள், அப்புறம் திருடன் என்று வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுவார்கள். நஷ்டஈடு கேட்டுப் போனால், நியாயம் தன் பக்கம் இருந்தும் பலர் தோற்பது தேதியில்தான்.

நம் நாட்டில் 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி இந்த இரண்டுக்கும் வழக்குப் போட ஒரு வருடம்தான் அவகாசம். அடைத்து வைத்ததற்கு வெளியே விட்ட நாளிலிருந்து, எழுத்தில் வந்த அவதூறுக்கு அது வெளியான நாளிலிருந்து. உள்விசாரணை முடியட்டும், மேனேஜ்மென்ட் இறங்கி வரும் என்று காத்திருந்தால் வருடம் ஓடிவிடும், வக்கீல் நோட்டீஸ் விட்டாலும் நிற்காது. தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனு போடலாமே என்பார்கள். அதற்கான 5-ஆம் பிரிவு புதிதாகப் போடும் வழக்குக்குப் பொருந்தாது. பொய்யாகக் கிரிமினல் கேஸ் போட்டதற்கான நஷ்டஈட்டுக்குத்தான் அந்தக் கேஸில் விடுதலைத் தீர்ப்பு வந்த பின் கணக்கு தொடங்கும், அதைக் கேள்விப்பட்டு மற்றதையும் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு.

"கதவைப் பூட்டவே இல்லையே" என்று விட்டுவிடுவதும் தவறு. இங்கிலாந்தில் 1919-இல் தீர்ப்பான மீரிங் வழக்கில், வார்னிஷ் திருட்டில் சந்தேகப்பட்ட தொழிலாளியை விமானக் கம்பெனி தன் ஆபீஸில் உட்கார வைத்தது, கம்பெனிக் காவலர்கள் பக்கத்திலேயே நின்றார்கள். வெளியே போக முடியாது என்பதே அவருக்குத் தெரியாது என்றாலும் அடைத்து வைத்ததுதான் என்றது கோர்ட். ஆனால் வேலை போய்விடும் என்ற பயத்தில் உட்கார்ந்திருந்தேன் என்பதை மட்டும் வைத்து ஜெயிப்பது கஷ்டம். வாசலில் நின்றது யார், போனை வாங்கி வைத்தது யார், போகிறேன் என்றபோது என்ன சொன்னார்கள் என்பதை அன்றைக்கே எழுதி வையுங்கள்.

அவதூறில், "என் பெயரைக் கெடுத்தார்கள்" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் வழக்கு நிற்காது. எந்த வார்த்தை, யாரிடம், எந்தத் தேதி என்று வேண்டும். உங்களுக்கு மட்டும் வந்த சார்ஜ் மெமோ அவதூறு ஆகாது, மூன்றாவது ஆள் பார்த்திருக்க வேண்டும். எச்.ஆர். மேலிடத்துக்கு அனுப்பிய ரிப்போர்ட்டைப் பிடித்துத் தொங்குவதும் வீண், கடமைக்காக எழுதியதற்குப் பாதுகாப்பு உண்டு, வன்மத்தோடு எழுதினார்கள் என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டியிருக்கும். என்னைக் கேட்டால், விசாரணைக்குச் சம்பந்தமே இல்லாத டீலர்கள் இருக்கும் குரூப்பில் போட்ட ஒரு மெசேஜ் அதைவிடப் பலமானது. ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, 2023-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவுக்கான சான்றிதழும் வேண்டும். சிசிடிவி பதிவு தானாகவே அழிந்துவிடும், அதை எடுத்து வைக்கச் சொல்லி உடனே எழுத்தில் கேளுங்கள்.