5 கிலோமீட்டர் பயிற்சி முடிந்த பிறகு: மூச்சு தயார், கால் தயாரா?

அறுபது நொடி ஓடி, தொண்ணூறு நொடி நடந்து தொடங்கியவர், ஒன்பதாவது வாரத்தில் நிற்காமல் 30 நிமிடம் ஓடுகிறார். 1996-இல் ஜோஷ் கிளார்க் உருவாக்கிய 'கவுச் டு ஃபைவ் கே', அதாவது 'சோபாவிலிருந்து 5 கிலோமீட்டருக்கு' என்ற திட்டம் இதுதான். வாரத்துக்கு மூன்று நாள், ஒன்பது வாரம். ஆரம்பநிலை ஓட்டத் திட்டங்கள் பலவும் ஏறக்குறைய இதே போக்கில்தான் போகின்றன. முடித்த அன்றைக்கு வரும் சந்தோஷத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

மறுநாள் ஒரு கேள்வி வரும்: சரி, இனி என்ன?

அதுவரை எப்போது ஓட வேண்டும், எப்போது நடக்க வேண்டும் என்று திட்டம் சொல்லிக்கொண்டே இருந்தது. இப்போது சொல்ல ஆளில்லை, ஆசை மட்டும் இருக்கிறது. நான் பார்த்தவரை, புதிதாக ஓட வந்தவர்கள் காயப்பட்டு விலகிப்போவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். எனக்கும் அதுதான் நடந்தது. திட்டம் முடிந்த மறுவாரமே மூன்று நாளை ஐந்து நாளாக்கினேன். ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட வேகமாக ஓட வேண்டும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஓடினேன். நான்காவது வாரம் முழங்காலுக்குக் கீழே, எலும்பின் உள்பக்க ஓரமாக ஒரு வலி ஆரம்பித்தது. அப்புறம் ஆறு வாரம் நடைதான். தூரம், வேகம், நாட்களின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் கூட்டியதுதான் காரணம். இந்தக் கட்டுரையில் சொல்லப்போகும் தவறுகளில் பாதி இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவை.

மூச்சு முந்தும், எலும்பு பிந்தும்

ஓட ஆரம்பித்த சில வாரங்களிலேயே இதயமும் ரத்த ஓட்டமும் தேறிவிடும். உடலில் ரத்தத்தின் அளவு கூடும், ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தம் அதிகமாகும், தசைகளும் ஆக்சிஜனை இன்னும் நன்றாகப் பயன்படுத்தப் பழகும். முதல் வாரம் மூச்சு வாங்கிய தூரம், எட்டாவது வாரம் சாதாரணமாகத் தோன்றுவது இதனால்தான்.

தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களும், எலும்புகளும் இவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை. தசைநாண்களுக்கு ரத்த ஓட்டம் குறைவு, அவை உறுதிப்பட மாதக்கணக்கில் ஆகும். எலும்பு இன்னொரு விதம். புதிய சுமை வந்தால் முதலில் பழைய எலும்புத் துகள்கள் அரிக்கப்பட்டு, அந்த இடத்தில் பிறகுதான் புதிய எலும்பு படிகிறது. இந்தச் சுற்று முடிய மூன்று நான்கு மாதமாவது ஆகும். நடுவில் அந்த இடம் கொஞ்ச காலம் முன்பைவிடப் பலவீனமாகவே இருக்கும்.

ஒன்பது வாரம் என்பது இரண்டு மாதத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். "இன்னும் ஓடலாம்" என்று மூச்சு சொல்லும்போது, எலும்பு அந்த வேலையின் நடுவில் இருக்கிறது. மூச்சின் பேச்சை மட்டும் கேட்டுப் பயிற்சியைக் கூட்டுவதுதான் முதல் தவறு. சுகமாக இருக்கிறது என்பதைவைத்து, உடல் முழுவதும் தயார் என்று முடிவெடுக்க முடியாது.

30 நிமிடமா, 5 கிலோமீட்டரா?

கிலோமீட்டருக்கு 8 நிமிடம் என்ற வேகத்தில் 30 நிமிடம் ஓடினால் 3.75 கிலோமீட்டர்தான் வரும். திட்டத்தை முடித்த நிறையப் பேர் இந்த இடத்தில் இருக்கிறார்கள். "5 கிலோமீட்டர் வரவில்லையே, அப்படியானால் நான் முடிக்கவில்லை" என்று வருந்தி, அதே 30 நிமிடத்துக்குள் 5 கிலோமீட்டரை அடைக்கப் பார்க்கிறார்கள். 8 நிமிட வேகத்தை ஒரேயடியாக 6 நிமிட வேகமாக்கும் முயற்சி அது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

வேகத்தை அப்படியே வைத்துக்கொண்டு நேரத்தை நீட்டுங்கள். வாரத்தின் மூன்று ஓட்டங்களில் இரண்டை 30 நிமிடமாகவே விட்டுவிட்டு, ஒன்றை மட்டும் 33, 36, 40 என்று ஏற்றலாம். 8 நிமிட வேகத்தில் 40 நிமிடம் என்றால் 5 கிலோமீட்டர் தானாக வந்து நிற்கும். நான்காவது வாரம் அந்த நீண்ட ஓட்டத்தை மறுபடி 30 நிமிடத்துக்கு இறக்குங்கள். இறக்கும் வாரத்தை வீணான வாரம் என்று நினைத்து விட்டுவிடுபவர்கள் அதிகம். எலும்பு தன் வேலையைச் செய்ய அவகாசம் கிடைப்பது அந்த வாரத்தில்தான்.

வாரத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் கூட்டக் கூடாது என்ற விதியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நல்ல எச்சரிக்கைதான், ஆனால் அதை மந்திரம் போல நம்புவதும் ஒரு தவறு. நெதர்லாந்தின் க்ரோனிங்கனில் புதிதாக ஓட வந்த 532 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து ஒரு ஆய்வு நடந்தது, 2008-இல் வெளியானது. ஒரு குழுவுக்கு 10 சதவீத விதிப்படி மெல்ல ஏறும் 13 வாரப் பயிற்சி, மற்றொன்றுக்கு வழக்கமான 8 வாரப் பயிற்சி. இரண்டு குழுவிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் காயப்பட்டார், வித்தியாசம் இல்லை. கணக்கு சரியாக இருந்தால் மட்டும் கால் பிழைத்துவிடாது. ஒரு வாரம் 10 சதவீதம் கூட்டிய பிறகு கால் கனமாக இருந்தால், அடுத்த வாரம் கூட்டாமல் அங்கேயே நில்லுங்கள். வாரக் கணக்கு சரியாக இருந்தாலும், கூட்டிய தூரம் முழுவதையும் ஒரே ஓட்டத்தில் கொட்டாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லா ஓட்டமும் ஒரே வேகத்தில்

என் கணிப்பில் இதுதான் மிகப் பரவலான தவறு. இலகுவாகவும் இல்லாமல், உண்மையான வேகமாகவும் இல்லாமல், கொஞ்சம் திணறலோடு நடுவில் ஒரு வேகம் இருக்கும். புதியவர்கள் எல்லா நாளும் அதில்தான் ஓடுகிறார்கள். அடுத்த ஓட்டத்துக்குள் களைப்பு முழுவதும் தீராது, வேகமும் வளராது.

இலகுவான ஓட்டம் என்றால் என்ன? ஓடும்போது பக்கத்தில் இருப்பவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். நான்கு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கினால் அது இலகு இல்லை. தனியாக ஓடுபவர்கள் சத்தமாக ஏதாவது சொல்லிப் பார்க்கலாம். கடிகாரம் காட்டும் இதயத் துடிப்பைவிட இந்தச் சோதனையை நான் அதிகம் நம்புகிறேன். உச்ச இதயத் துடிப்பைக் கணிக்கச் சொல்லப்படும் '220-இல் வயதைக் கழி' என்ற சூத்திரம் பலருக்குப் பத்துத் துடிப்புக்கும் மேலே தவறிப்போகும்.

இப்படி ஓடினால் நடப்பது போல மெதுவாகிவிடுகிறதே என்று கூச்சப்பட வேண்டாம். ஏற்றத்திலும் வெயிலிலும் இன்னும் மெதுவாகும், அது இயல்பு. நடுவில் ஒரு நிமிடம் நடப்பதும் தோல்வி இல்லை. 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் கேலோவே, ஓட்டத்துக்கு நடுவே திட்டமிட்டு நடக்கும் முறையை மராத்தானுக்கே கற்றுக்கொடுத்தார்.

உலகத்தரத்து நெடுந்தூர வீரர்களின் பயிற்சியை ஆராய்ந்த ஸ்டீஃபன் சைலர், அவர்களின் பயிற்சி நாட்களில் சுமார் 80 சதவீதம் இலகுவானவை என்று கண்டார். அதற்கு முந்தைய தலைமுறையில் நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட் இருந்தார். முதலில் பல வாரம் தூரம், அதன் பிறகே வேகப் பயிற்சி என்பது அவர் முறை. அவரிடம் பயின்ற பீட்டர் ஸ்னெல் 1960-இல் ரோமில் 800 மீட்டரிலும், 1964-இல் டோக்கியோவில் 800, 1500 இரண்டிலும் தங்கம் வென்றார். இரண்டு நிமிடம்கூட நீடிக்காத பந்தயத்துக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் மலைப்பாதையில் 22 மைல், அதாவது 35 கிலோமீட்டர் ஓடினார் அவர். நாம் அவ்வளவு ஓட வேண்டியதில்லை, வரிசையை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்: தூரம் முதலில், வேகம் அப்புறம்.

வேகத்தை எப்போது, எப்படிச் சேர்ப்பது

40 நிமிட இலகு ஓட்டம் சிரமமில்லாமல் போகிறதா? அடுத்த நாள் கால் வழக்கம்போல இருக்கிறதா? இப்படி ஆறேழு வாரம் போன பிறகு வேகத்தைத் தொடலாம். அப்போது தூரத்தைக் கூட்டுவதை நிறுத்தி வையுங்கள்.

முதல் படி மிகச் சிறியது. ஒரு இலகு ஓட்டத்தின் கடைசியில் 20 நொடி விறுவிறுப்பாக ஓடுங்கள், பிறகு ஒரு நிமிடம் நடங்கள், இப்படி நான்கு முறை. உயிரைக் கொடுத்து ஓடுவது இல்லை இது. தோளும் தாடையும் தளர்ந்திருக்க, காலை மட்டும் சுறுசுறுப்பாக்குவது. ஓட்டக்காரர்கள் இதை ஸ்ட்ரைட்ஸ் என்பார்கள். மூன்று நான்கு வாரம் இது மட்டும் போதும்.

பிறகு ஃபார்ட்லெக். 1930-களில் ஸ்வீடன் நாட்டுப் பயிற்சியாளர் யோஸ்தா ஹோல்மர் வளர்த்தெடுத்த முறை இது. ஸ்வீடிஷ் மொழியில் 'வேக விளையாட்டு' என்று பொருள். அந்த மரம் வரை வேகம், மூச்சு அடங்கும் வரை மெதுவாக, அடுத்த திருப்பம் வரை மறுபடி வேகம். இதற்கு அடுத்ததுதான் இன்டர்வெல்: பத்து நிமிடம் இலகுவாக ஓடி உடம்பைச் சூடாக்கி, ஒரு நிமிடம் வேகம், இரண்டு நிமிடம் மெதுவாக, ஆறு முறை. இதில் எல்லாரும் செய்யும் தவறு, முதல் சுற்றைப் பறந்து ஓடிவிட்டு நான்காவதில் துவண்டுபோவது. ஆறாவது சுற்று முதல் சுற்றைப் போலவே இருந்தால்தான் அது சரியான வேகம். வாரத்தில் ஒரு நாள் இது போதும், அதற்கு அடுத்த நாள் ஓட்டம் வேண்டாம்.

வேகமாக ஓட அடியை நீட்டி வைக்கிறோம். அது தன்னிச்சையாக வருவது, ஆனால் பாதம் உடலுக்கு வெகுமுன்னால் போய் விழுந்தால் அதுவே பிரேக் ஆகிவிடும், அதிர்ச்சி நேராக முழங்காலுக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் போகும். அடியைக் கொஞ்சம் குறுக்கி, கொஞ்சம் சீக்கிரம் எடுத்து வையுங்கள். நிமிடத்துக்கு 180 காலடி என்று பலரும் சொல்லும் எண்ணைத் துரத்த வேண்டாம். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பந்தயத்தில் ஓடிய வீரர்களின் காலடிகளை அமெரிக்கப் பயிற்சியாளர் ஜாக் டேனியல்ஸ் எண்ணிப் பார்த்ததிலிருந்து வந்த எண் அது. இலகுவாக ஓடும் நமக்கு அது பொருந்த வேண்டிய கட்டாயம் இல்லை.

இன்னொரு தவறு, ஒவ்வொரு வாரமும் 5 கிலோமீட்டர் நேரத்தைச் சோதிப்பது. பயிற்சியின் பலன் தெரிய வாரங்கள் ஆகும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை முழு முயற்சியோடு ஓடிப் பாருங்கள். அன்றைக்கும் முதல் கிலோமீட்டரை அடக்கி ஓடுங்கள்.

வலியும் விடுபட்ட நாட்களும்

தசை முழுவதும் பரவிய, ஓரிரு நாளில் தணிகிற வலி பயிற்சியின் பகுதி. எலும்பின் மேல் ஒரு விரல் நுனியால் தொட்டுக் காட்ட முடிகிற வலி வேறு. அது ஓட ஓடக் கூடினால், ஓய்விலோ இரவிலோ வலித்தால், நொண்ட வைத்தால், ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். எலும்பில் நுண்விரிசல் இருக்கலாம். நான் செய்தது போல "இன்னும் ஒரு ஓட்டம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள்.

ஷூவுக்கும் ஆயுள் உண்டு. பெரும்பாலானவை 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் களைத்துவிடும். திட்டத்தைப் பழைய ஷூவில் முடித்திருந்தால் இப்போது மாற்றலாம். வாரம் இருமுறை, படியின் விளிம்பில் நின்று குதிகாலை மெல்ல ஏற்றி இறக்கும் பயிற்சி கெண்டைக்காலுக்கும் குதிகால் நாணுக்கும் வலு சேர்க்கும்.

காய்ச்சலோ வேலையோ வந்து ஒரு வாரம் விடுபட்டால், அதை அடுத்த வாரத்தில் சேர்த்து ஈடுகட்டப் பார்க்காதீர்கள். ஒரு வாரம் என்றால் விட்ட இடத்திலிருந்தே மெதுவாகத் தொடரலாம். இரண்டு மூன்று வாரம் என்றால் பாதி நேரத்திலிருந்து தொடங்கி, வேகப் பயிற்சியைக் கடைசியாகச் சேருங்கள். ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டதென்றால், திட்டத்தின் நடு வாரங்களுக்கு, ஓடி நடக்கும் அந்த ஐந்தாவது வாரத்துக்கே போங்கள். இரண்டாம் முறை அந்த வாரங்கள் வேகமாகக் கடந்துவிடும்.