எக்கோலிங்க்கில் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: சேலம், ஏற்காடு ஹாம்களுக்கு

ஹாம்கள், அதாவது உரிமம் பெற்ற அமெச்சூர் ரேடியோக்காரர்கள், இணையம் வழியே பேச உதவும் ஆப் எக்கோலிங்க். செல்போனில் அதைத் திறந்து, பட்டியலில் ஒரு பெயரைத் தொட்டு, பேசும் பொத்தானை அழுத்துகிறீர்கள். மறுமுனையில் இருப்பது லிங்க்கோ (இணையத்தோடு இணைத்த ரேடியோ) ரிப்பீட்டரோ (வரும் சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் நிலையம்) என்றால், அந்த நொடியில் எங்கோ ஓர் ஊரில் ஒரு டிரான்ஸ்மிட்டர் ஆன் ஆகிறது. அந்த அலைவரிசையில் காரில் போகிறவர், வீட்டில் கையடக்க செட்டை வைத்துக் கேட்கிறவர் எல்லோருடைய காதிலும் உங்கள் குரல் விழுகிறது. வாட்ஸ்அப் அழைப்பைப் போல இதை நினைப்பதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பெரும்பாலானவை இதிலிருந்தே கிளைக்கின்றன.

பட்டியலைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். கால்சைனின் (உரிமத்தோடு வரும் அடையாளப் பெயர்) பின்னால் -எல் இருந்தால் அது ஒரு சிம்ப்ளெக்ஸ் லிங்க், அதாவது ரிப்பீட்டர் இல்லாமல் ஒரே அலைவரிசையில் நேரடியாகப் பேசுவது. -ஆர் இருந்தால் ரிப்பீட்டர். பெயரின் இருபுறமும் நட்சத்திரக் குறி இருந்தால் பலர் கூடும் கான்ஃபரன்ஸ். எதுவும் இல்லாமல் வெறும் கால்சைன் என்றால் உங்களைப் போலவே போனிலோ கணினியிலோ இருக்கும் ஒருவர். முதல் இரண்டில் நுழையும்போது, இணைந்ததும் பேசாமல் அரை நிமிடமாவது கேளுங்கள். அங்கே உள்ளூர் நெட் (பலர் ஒரே அலைவரிசையில் கூடிப் பேசும் சந்திப்பு) நடந்துகொண்டிருக்கலாம், அவசரச் செய்தி போய்க்கொண்டிருக்கலாம்.

பிடிடியை (பேசும் பொத்தான்) அழுத்திய உடனே கால்சைனைச் சொல்வது அடுத்தது. உங்கள் குரல் இணையத்தில் போய்ச் சேர்ந்து, லிங்க் ரேடியோ டிரான்ஸ்மிட்டுக்கு மாறி, ரிப்பீட்டரின் சிடிசிஎஸ்எஸ் டோன் (குரலோடு சேர்ந்து போகும் அடையாள ஒலி) திறந்து, கேட்பவரின் ஸ்குவெல்ச் (சிக்னல் இல்லாதபோது ஸ்பீக்கரை மூடிவைக்கும் அமைப்பு) விலக ஒரு நொடிக்கு மேல் ஆகிவிடும். "விக்டர் யூனிஃபார்ம்" என்று தொடங்குகிற கால்சைனின் முன்பாதி காற்றில் போகாமலே மறைந்துவிடும். அழுத்தி, மனதுக்குள் ஒன்று, இரண்டு எண்ணிவிட்டுப் பேசுங்கள். முடித்ததும் பொத்தானை விடுவதற்கு முன் அரை நொடி பொறுங்கள்.

ஒருவர் முடித்ததும் உடனே அடுத்தவர் தொடங்குவது இதைவிடக் கெட்ட பழக்கம். இணையத் தாமதம் இருப்பதால் இருவர் ஒரே நேரத்தில் அழுத்தினாலும் அது இருவருக்கும் தெரியாது. போன் வழியே வருகிறவர்கள் இடைவெளியே விடாமல் பேசிக்கொண்டிருந்தால், ரேடியோ வழியே நுழையக் காத்திருப்பவருக்கு இடமே கிடைக்காது. ஒவ்வொரு முறையும் மூன்று நொடி விடுங்கள். நீளமாகவும் பேசாதீர்கள். பல ரிப்பீட்டர்களில் 3 நிமிடம் போல ஒரு நேர வரம்பு இருக்கும். அதைத் தாண்டினால் ரிப்பீட்டர் தானே வெட்டிவிடும், நீங்கள் யாருக்கும் கேட்காமல் பேசிக்கொண்டிருப்பீர்கள்.

போனும் செட்டும் ஒரே அறையில் இருந்தால், போனில் பேசியது ஒரு நொடி கழித்துச் செட்டின் ஸ்பீக்கரில் வரும், போனின் மைக் அதைப் பிடித்துத் திரும்ப அனுப்பும். உங்கள் பேச்சு கேட்கிறதா என்று சோதிக்க இப்படிச் செய்யாதீர்கள். அதற்கென்றே எக்கோடெஸ்ட் என்ற சோதனை நோட் (பட்டியலில் உள்ள ஒரு நிலையம்) இருக்கிறது, எண் 9999. அதில் பேசினால் உங்கள் குரலை அப்படியே திருப்பிக் கேட்கலாம். மைக்கை ஒரு சாண் தூரத்தில் வைத்து ஒருமுறை, நான்கு விரல் தூரத்தில் ஒருமுறை பேசிப் பாருங்கள். பகோடா பாயிண்ட் போன்ற திறந்த இடங்களில் காற்று மைக்கில் அடிக்கும், போனைக் காற்றுக்கு முதுகு காட்டிப் பிடியுங்கள்.

இணைப்பு வராதபோது

பட்டியல் வருகிறது, ஆனால் எந்த நோடும் இணையவில்லை, அல்லது இணைந்தும் ஒலி வரவில்லை. இந்தப் புகாரைக் கேட்டதும் பலர் குறைசொல்வது இணையத்தின் வேகத்தை. வேகம் இங்கே பிரச்சினையே இல்லை. எக்கோலிங்க் பயன்படுத்தும் ஜிஎஸ்எம் குரல் முறைக்கு நொடிக்குச் சுமார் 17 கிலோபிட் போதும், ஒரு மணி நேரம் தொடர்ந்து பேசினாலும் 8 எம்பி அளவுதான். பட்டியல் டிசிபி 5200 என்ற போர்ட் (இணையத் தரவு நுழையும் எண்ணிட்ட வாசல்) வழியே வருகிறது, குரலோ யூடிபி 5198, 5199 ஆகிய போர்ட்டுகளில் வருகிறது. மொபைல் டேட்டாவில் பெரும்பாலும் ஒரே பொது முகவரியைப் பலர் பகிர்வதால், வெளியிலிருந்து வரும் அந்தக் குரல் உங்கள் போனைத் தேடி வர வழியில்லை. ஆப்பின் அமைப்பில் நேரடி இணைப்பை மாற்றி நடுவில் நின்று குரலைக் கடத்தித் தரும் ரிலே அல்லது பொது பிராக்ஸியைத் தேர்ந்தெடுங்கள். பொது பிராக்ஸி ஒன்றை ஒரு நேரத்தில் ஒருவர்தான் பயன்படுத்த முடியும் என்பதால், வேலை முடிந்ததும் வெளியேறிவிடுங்கள்.

வீட்டு ஃபைபர் இணைப்பில் கணினி வைத்திருப்பவர்கள் ரௌட்டரில் போர்ட் திறந்து மணிக்கணக்கில் போராடுவதுண்டு. முதலில் ரௌட்டரின் வெளிமுகவரியைப் பாருங்கள். அது 10 என்றோ, 100.64 முதல் 100.127 வரையிலான எண்களிலோ தொடங்கினால் அதுவும் பொது முகவரியைப் பலர் பகிரும் இணைப்புதான், போர்ட் திறப்பதில் பயனில்லை, பிராக்ஸிதான் வழி.

அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது போன் ஒரு டவரிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும், சில வளைவுகளில் சிக்னலே இருக்காது. பாதிப் பேச்சில் நீங்கள் மறைந்தால், மறுமுனையில் இருப்பவர் பதிலுக்குக் காத்து நிற்பார். வண்டி ஓட்டிக்கொண்டு திரையைத் தொட்டுப் பேசுவது வேறு ஆபத்து. மலையில் ஓரிடத்தில் நின்று பேசுங்கள். வீட்டுக்குள் நுழையும்போது போன் தானாக வைஃபைக்கு மாறினாலும் இணைப்பு அறுந்துபோகும். ஆண்ட்ராய்டில் பேட்டரி சிக்கனம் ஆப்பைப் பின்னணியில் நிறுத்திவிடும், அதற்கு விலக்கு கொடுத்து வையுங்கள். ஒரே கால்சைனை வீட்டுக் கணினியிலும் போனிலும் ஒரே நேரத்தில் திறந்து வைக்காதீர்கள்.

இன்னொன்று. லேடீஸ் சீட்டில் நின்றால் சேலம் நகரம் முழுக்கக் கண்ணுக்குத் தெரிகிறது. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் உயரம், சேலம் 300 மீட்டருக்கும் கீழே. 145 மெகாஹெர்ட்ஸில் 5 வாட் கையடக்க செட் ஒன்று அங்கிருந்து கண்ணன்குறிச்சியையும் அஸ்தம்பட்டியையும் எளிதாக எட்டும். அந்த இடத்தில் நின்றுகொண்டு, கீழே இருக்கும் நண்பரை வெளிநாட்டு சர்வர் வழியே சுற்றிப் பிடிப்பது வீண். அவரை முதலில் சிம்ப்ளெக்ஸில் கூப்பிடுங்கள். புயலிலும் மின்தடையிலும் வீட்டு ரௌட்டர் அணைந்து, டவரின் பேட்டரியும் தீர்ந்தால், ஆப் அந்த இடத்தில் முடிந்துவிடும். சார்ஜ் ஏற்றிய செட்தான் அப்போது கைகொடுக்கும்.

சொந்தமாக லிங்க் வைப்பவர்கள்

உரிம நிபந்தனையைப் படித்து, சந்தேகத்தை உரிமம் வழங்கும் மத்திய அரசுப் பிரிவான டபிள்யூபிசியிடம் எழுதித் தெளிவாக்கிக்கொள்ளாமல் ரேடியோவை இணையத்தோடு இணைக்காதீர்கள். தொழில்நுட்பத்தில் அதிகம் சறுக்கும் இடம் ஸ்குவெல்ச். எந்த சிக்னலுக்கும் திறந்துகொள்ளும் வெறும் கேரியர் ஸ்குவெல்ச்சில் வைத்தால், ஓர் எல்இடி பல்பின் இரைச்சல்கூட அதைத் திறந்து, கான்ஃபரன்ஸில் இருக்கும் அத்தனை பேருக்கும் 'ஷ்ஷ்' என்று போய்ச் சேரும். சரியான டோனுக்கு மட்டும் திறக்கும் டோன் ஸ்குவெல்ச் வையுங்கள். ரிப்பீட்டர் ஒருவர் பேசி முடித்த பிறகும் சில நொடி டிரான்ஸ்மிட்டில் நிற்கும். அந்த வாலை உங்கள் லிங்க் பேச்சு என்று நினைத்து அனுப்பினால், மறுமுனை லிங்க்கும் அதையே செய்ய, இரண்டும் மாறி மாறி ஒன்றையொன்று எழுப்பிக்கொண்டே இருக்கும். மலிவான கையடக்க செட்டை லிங்க்காக 5 வாட்டில் வைத்தால் நெட் நடக்கும் ஒரு மணி நேரத்துக்குள் சூடேறிவிடும். குறைந்த சக்தியில் வைத்து, சிறு விசிறியும் பொருத்துங்கள். ஆடியோ கேபிளில் ஃபெரைட் வளையம் போடாவிட்டால் டிரான்ஸ்மிட் அலையே மைக் வழியில் நுழைந்து உறுமும்.

டிஎம்ஆர் என்ற டிஜிட்டல் குரல் முறைக்கு ஹாட்ஸ்பாட் (செட்டை இணையத்தோடு இணைக்கும் சிறு ரேடியோ) வைப்பவர்களுக்கு அலைவரிசைதான் பொறி. வெளிநாட்டு வழிகாட்டிகள் 438.800 போன்ற எண்களைக் காட்டும். நமக்கு 70 செ.மீ. பட்டை 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் வரைதான், அதிலும் 435 முதல் 438 வரை செயற்கைக்கோள்களுக்கான பகுதி. 434-க்கும் 435-க்கும் இடையில் காலியான ஓர் இடத்தைக் கேட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பிராண்ட்மைஸ்டர் என்ற டிஎம்ஆர் வலையமைப்பில் டாக்குரூப் (பேச்சுக் குழு) 404 இந்தியா முழுவதற்கும் பொதுவானது. அதில் ஒருவரைப் பிடித்தபின் நீண்ட பேச்சை வேறு குழுவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

உரிமமும் லாக்கும்

எக்கோலிங்க் உங்கள் உரிமத்தைச் சரிபார்த்த பிறகே நுழைய விடும். கால்சைனில் ஓ எழுத்தையும் சுழியத்தையும் மாற்றி அடித்துவிட்டுக் காத்திருப்பவர்கள் உண்டு. கடவுச்சொல்லை நண்பருக்கோ, இன்னும் தேர்வு எழுதாத மாணவருக்கோ கொடுக்காதீர்கள். அவர் பேசுவதெல்லாம் உங்கள் கால்சைனில்தான் பதிவாகும். கடைச் சரக்கு, வாடகை, வியாபாரப் பேச்சு எதுவும் இதில் கூடாது.

ஆப்பில் கேட்டவருக்கு '59' (தெளிவு 5, சிக்னல் வலிமை 9) என்று ரிப்போர்ட் கொடுப்பதில் பொருளில்லை, அங்கே அளக்க சிக்னலே இல்லை. குரல் தெளிவு, விட்டு விட்டு வந்ததா, பின்னணி இரைச்சல் எவ்வளவு என்று சொல்லுங்கள், அது அவருக்கு உதவும். ரிப்பீட்டர் வழியாக நடந்த தொடர்பு பல நாடுகளோடு பேசியதற்குத் தரப்படும் டிஎக்ஸ்சிசி விருதுக்குக் கணக்கில் வராது. லாக்கில் (தொடர்புகளின் பதிவேடு) 'எக்கோலிங்க்' என்று தெளிவாக எழுதி, நேரத்தை யூடிசியில் (உலகப் பொது நேரம்) போடுங்கள். சேலத்தில் இரவு 8 மணி என்றால் லாக்கில் 14:30.