எடை குறைந்த அலாய் வீல்: கிலோ கணக்கில் ஏமாறாமல் இருக்க

வேகமான காருக்கு எடை குறைந்த வீல் போட நினைப்பவர்கள் முதலில் கேட்பது "எத்தனை கிலோ?" என்றுதான். கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி அது. அந்த வீல் உங்கள் காரில் சரியாக உட்காருமா, பாரம் தாங்குமா, அதில் என்ன டயர் ஏறப்போகிறது என்பதெல்லாம் தெரிந்த பிறகுதான் கிலோவுக்கு அர்த்தம் வரும். கிலோவிலிருந்து தொடங்குபவர்கள் எங்கெங்கே வழுக்குகிறார்கள் என்று பார்ப்போம்.

முதல் வழுக்கல் கணக்கிலேயே இருக்கிறது. வீலில் ஒரு கிலோ குறைத்தால் காரில் நான்கு கிலோ குறைத்ததற்குச் சமம், பத்து கிலோவுக்குச் சமம் என்றெல்லாம் சொல்வார்கள். காரோடு சேர்ந்து முன்னே போகவும், தன்னைத்தானே சுற்றவும் என்று வீலுக்கு இரண்டு வேலைக்குச் சக்தி செலவாகிறது, உண்மைதான். ஆனால் எடை முழுவதும் டயரின் வெளி ஓரத்தில் இருந்தால்கூட ஒரு கிலோ இரண்டு கிலோவாகத்தான் ஆகும், அதற்கு மேல் போகாது. 18 இஞ்ச் ரிம்மின் ஓரம் மையத்திலிருந்து சுமார் 23 சென்டிமீட்டர். அதில் ஏறும் டயரின் ஆரம் சுமார் 32. 23-ஐ 32-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் ஏறக்குறைய அரை. ஆக ரிம்மின் ஓரத்தில் குறையும் ஒரு கிலோ, முன்னே போக ஒன்று, சுற்ற அரை என்று ஒன்றரை கிலோ. ஸ்போக்கிலும் நடுப்பகுதியிலும் குறைந்தால் அதைவிடக் கம்மி.

1,400 கிலோ காரில் வீலுக்கு 3 கிலோ வீதம் 12 கிலோ குறைத்தீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகம் எடுக்கும்போது அது அதிகபட்சம் 18 கிலோ குறைந்த மாதிரி. டேங்கில் 24 லிட்டர் பெட்ரோலைக் குறைத்துக்கொண்டு கிளம்பினாலும் இதே பலன்தான்.

அப்படியானால் எதற்குச் செலவு? பலன் வேறு இடத்தில் இருக்கிறது. வீல், டயர், பிரேக், வீலை மாட்டும் நடுப்பாகமான ஹப் எல்லாம் ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் பாரம். மேடு வந்தால் இந்தப் பாரம் எகிறும். அதை அடக்கித் திரும்பத் தரையில் பதிய வைப்பது டேம்பரின், அதாவது ஷாக் அப்சார்பரின் வேலை. பாரம் குறைந்தால் டயர் தரையை இன்னும் விடாமல் பிடிக்கும். கரடுமுரடான வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது இது கைக்கே தெரியும். வழவழப்பான நேர் சாலையில் பெரிதாக எதுவும் தெரியாது. ஸ்டாப்வாட்சை எதிர்பார்த்து வாங்குபவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

எடை குறைந்த வீல் வாங்கும்போதே அளவையும் ஏற்றிவிடுவது அடுத்த தவறு. எல்லாரும் செய்வதும் இதுதான். 17 இஞ்ச் இருந்த இடத்தில் 19 போடுவார்கள். "புதுசும் பழசும் ஒரே எடை, அதனால் நஷ்டம் இல்லை" என்பார்கள். 225/45 ஆர்17 (அகலம் 225 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 45 சதவீதம், ரிம் 17 இஞ்ச்) டயரின் மொத்த விட்டம் 634 மில்லிமீட்டர், 225/35 ஆர்19 என்றால் 640. வெளி அளவு கிட்டத்தட்ட அதேதான். ஆனால் உள்ளே ரிம்மின் உலோகம் ஓர் இஞ்ச் வெளியே நகர்ந்துவிட்டது. அதே எடையானாலும் சுழற்றக் கூடுதல் சக்தி வேண்டும். டயரின் பக்கச் சுவரோ 101 மில்லிமீட்டரிலிருந்து 79-க்கு இறங்கிவிடும். பள்ளத்தில் இறங்கும்போது ரிம்மைக் காப்பாற்றுவது அந்த ரப்பர்தான். என் கேள்வி எளிது: உங்கள் பிரேக்கைத் தாண்டி நுழையக்கூடிய மிகச் சிறிய அளவு எது? அதில் தொடங்குங்கள். அழகுக்காக ஓர் இஞ்ச் ஏற்ற ஆசை இருந்தால் ஏற்றிக்கொள்ளுங்கள், தப்பில்லை. அதை வேகத்துக்காக என்று சொல்லிக்கொள்ளாமல் இருந்தால் சரி.

டயரை மறப்பதும் இதோடு ஒட்டிய தவறு. ஒரே அளவு டயர், இரண்டு கம்பெனி, ஒன்றுக்கொன்று ஒரு கிலோவுக்கு மேல்கூட வித்தியாசம் இருக்கும். டயரின் எடையில் பெரும்பகுதி தரையைத் தொடும் பட்டையில், அதாவது மையத்திலிருந்து ஆகத் தொலைவில் இருக்கிறது. அங்கே ஒரு கிலோ, ஏறக்குறைய இரண்டு கிலோவின் வேலையைச் செய்யும். ஆசையாக வாங்கிய வீலில் மிச்சம் பிடித்ததை அகலமான, கனமான டயர் போட்டு ஒரே நாளில் தொலைத்துவிடலாம். அதனால் டயர் மாட்டிய பிறகு மொத்தமாக எடை போட்டுப் பாருங்கள். குளியலறை எடை மெஷின் போதும்: முதலில் நீங்கள் மட்டும் ஏறுங்கள், அப்புறம் வீலைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள், கழித்துக்கொள்ளுங்கள். இடுப்பு பத்திரம்.

கேட்லாக் எண்ணிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரு மாடலின் பெயரோடு சொல்லப்படும் எடை பெரும்பாலும் அதன் மிகச் சிறிய அளவுக்கு உரியது. ஜப்பானின் ரேஸ் (Rays) என்ற வீல் நிறுவனம் 1996-இல் கொண்டுவந்த வோக் ரேசிங் டிஇ37 நல்ல உதாரணம். பெயரிலுள்ள 37, 3.7 கிலோவைக் குறிக்கிறது. ஆனால் அது 15 இஞ்ச் விட்டம், 6 இஞ்ச் அகலம் கொண்ட வீலின் எடை. அதே குடும்பத்தில் 18 இஞ்ச், 9.5 அகலம் எடுத்தால் எடை இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். வீலில் குறையே இல்லை, படித்தவர்தான் அளவைப் படிக்கவில்லை. நீங்கள் வாங்கப்போகும் விட்டம், அகலம், ஆஃப்செட் (கீழே விளக்குகிறேன்) மூன்றையும் சொல்லி, அதற்கான எடையைக் கேளுங்கள்.

செய்முறையின் பெயரை நம்பி வாங்குவதும் அப்படித்தான். உருக்கிய அலுமினியத்தை அச்சில் ஊற்றி எடுப்பது காஸ்ட் வீல். அப்படி வார்த்ததைச் சூடாக்கிச் சுழற்றி, உருளைகளால் அழுத்தி ரிம்மின் வளையப் பகுதியை மட்டும் மெல்லியதாக இழுப்பது ஃப்ளோ ஃபார்மிங். வளையம் உறுதியாகும், எடையும் குறையும். ஆனால் ஸ்போக்கும் நடுப்பகுதியும் வார்த்த உலோகமாகவேதான் இருக்கும். திடமான அலுமினியக் கட்டியை ஆயிரக்கணக்கான டன் அழுத்தத்தில் நசுக்கி உருவாக்குவதுதான் ஃபோர்ஜ்டு. ஃப்ளோ ஃபார்மிங் வீலை "ரோட்டரி ஃபோர்ஜ்டு" என்று பெயர் வைத்து விற்பதைப் பார்த்து இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். மோசமான பொருள் என்று சொல்லவில்லை, காசுக்கு நல்ல பண்டம்தான். ஃபோர்ஜ்டு விலையைக் கொடுக்காமல் இருந்தால் போதும். ஃபோர்ஜ்டு என்றாலே லேசானது என்றும் இல்லை. உறுதியான உலோகம், குறைவாகப் போட இடம் கொடுக்கிறது. அந்த இடத்தை வடிவமைப்பவர் பயன்படுத்தினாரா, அலங்காரத்துக்காக ஆழமான கிண்ணம் போல் செய்து கனமாக்கினாரா என்பதைத் தராசுதான் சொல்லும்.

மெக்னீசியம் அலுமினியத்தைவிட லேசானது, ஆனால் எளிதில் அரிக்கும். மேல்பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் அங்கிருந்து தொடங்கிவிடும். கார்பன் ஃபைபர் வீலை 2015-இல் ஃபோர்டு தன் ஷெல்பி ஜிடி350ஆர் காருக்குத் தொழிற்சாலையிலேயே மாட்டி அனுப்பியது. தினசரி ஓட்டும் காருக்கு இரண்டும் வேண்டாம் என்பது என் கட்சி.

இனி நிஜமான ஆபத்து. லேசாக இருக்கிறது என்பதற்காகப் பாரம் தாங்கும் அளவைப் பார்க்காமல் வாங்குவது. ஒவ்வொரு வீலுக்கும் இத்தனை கிலோ தாங்கும் என்று ஒரு வரம்பு உண்டு. பெரும்பாலும் பின்பக்கத்தில் பொறித்திருப்பார்கள். காரின் ஓர் ஆக்சில், அதாவது ஒரு ஜோடி வீலைத் தாங்கும் அச்சு, அதிகபட்சம் 1,100 கிலோ சுமக்கலாம் என்றால், அதில் மாட்டும் ஒவ்வொரு வீலும் குறைந்தது 550 கிலோவாவது தாங்க வேண்டும். சின்ன காருக்காகச் செய்த லேசான வீலின் ஓட்டைகள் பெரிய காரின் ஹப்பில் பொருந்தலாம், மாட்டிவிடவும் முடியும். அதனால் அது தாங்கும் என்று ஆகிவிடாது.

ஜப்பானில் ஜேடபிள்யூஎல் என்ற தரமும், அதைத் தனியாகச் சோதித்துப் பதிவு செய்யும் விஐஏ முத்திரையும் உண்டு. ஜெர்மனியில் அரசின் மோட்டார் வாகனத் துறையான கேபிஏ வீலுக்கு அனுமதி எண் கொடுக்கிறது. சுழற்றியபடியே வளைக்கும் சோதனை, பாரம் ஏற்றி உருட்டும் சோதனை, சாய்வாக வைத்து மேலிருந்து எடையைப் போடும் சோதனை என்று இந்தத் தரங்கள் கேட்பவை வீலுக்கு நடக்கக்கூடியவைதான். பிரபல மாடலின் நகல்களில் இந்த முத்திரையையும் சேர்த்தே நகலெடுத்திருப்பார்கள் என்பதுதான் சிக்கல். முத்திரை இருந்தால் போதாது, விற்பவர் யார், எங்கிருந்து வந்தது என்பதும் தெரிய வேண்டும்.

சரி, பொருத்தத்துக்கு வருவோம். போல்ட் வட்டத்தின் விட்டம்தான் பிசிடி. ஐந்து போல்ட், 112 மில்லிமீட்டர் என்ற 5×112-உம் 5×114.3-உம் கண்ணுக்கு ஒன்று போலவே தெரியும். சற்று இழுத்து இறுக்கினால் ஏறியும்விடும். நட்டுகள் ஒரு பக்கமாக உட்கார்ந்து, போல்ட் வளைந்தபடி நிற்கும். நாளடைவில் தளரும், முறியும். 2.3 மில்லிமீட்டர்தானே என்று விடக்கூடாத இடம் இது. நடு ஓட்டை ஹப்பைவிடப் பெரிதாக இருந்தால் அளவான வளையம் போடுங்கள், இல்லாவிட்டால் வீல் மையத்தில் உட்காராமல் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும்.

ஆஃப்செட்தான் அதிகம் பேர் குழம்பும் இடம். வீலின் நடுக்கோட்டுக்கும் ஹப்பில் பதியும் முகத்துக்கும் உள்ள தூரம் அது, மில்லிமீட்டரில். முகம் நடுக்கோட்டுக்கு வெளிப்பக்கம் இருந்தால் பிளஸ்; அந்த எண் குறைந்தால் வீல் வெளியே நகரும். 7.5 இஞ்ச் அகலம், +45 ஆஃப்செட் உள்ள வீலைக் கழற்றிவிட்டு 9 இஞ்ச், +45 போட்டால் "ஆஃப்செட் அதேதானே" என்று தோன்றும். ஆனால் அகலம் ஒன்றரை இஞ்ச் கூடியதால் உள்பக்கம் 19, வெளிப்பக்கம் 19 மில்லிமீட்டர் நகர்ந்துவிட்டது. உள்ளே சஸ்பென்ஷன் கம்பி காத்திருக்கிறது. அதற்குப் பயந்து +35 எடுத்தால் உள்ளே 9 மட்டும்தான், ஆனால் வெளியே 29, அங்கே ஃபெண்டர். அதோடு வீல் வெளியே போகப் போக ஸ்டீயரிங் மேடுபள்ளத்தில் கையைப் பிடித்து இழுக்கும், பேரிங்குக்கும் பாரம் கூடும். நின்ற இடத்தில் மாட்டிப் பார்த்து "உரசவில்லை" என்று சொல்வது சோதனையே இல்லை. நான்கு பேர் ஏறி, ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து, ஒரு மேட்டில் ஏறி இறங்கிப் பாருங்கள்.

பெரிய பிரேக் உள்ள காருக்கு இன்னொன்றும் உண்டு. பிரேக் பேடைப் பிடித்திருக்கும் காலிப்பர் ரிம்மின் உள்வளையத்தில் இடிக்கவில்லை என்று மட்டும் பார்ப்பார்கள்; அது ஸ்போக்கின் முதுகில் இடிப்பதைக் கவனிக்க மாட்டார்கள். ஒரே அளவு, ஒரே ஆஃப்செட், ஆனால் ஸ்போக் வளைவு வேறு என்பதால் ஒன்று நுழையும், இன்னொன்று நுழையாது. பிரேக் கம்பெனிகள் கொடுக்கும் காகித அச்சை அட்டையில் வெட்டி, வீலுக்குள் வைத்துப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

பழைய நட்டையே போடுவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஹோண்டா தன் தொழிற்சாலை வீல்களுக்கு நுனி உருண்டையான நட்டுகளைத் தருகிறது. வெளியில் வாங்கும் வீல்களில் பெரும்பாலானவற்றுக்கு 60 டிகிரி கூம்பு நுனி வேண்டும். உருண்டையைக் கூம்புக் குழியில் இறுக்கினால் மெல்லிய ஒரு கோட்டில்தான் தொடும். இறுகின மாதிரி இருக்கும், இறுகியிருக்காது. எடையைக் குறைக்கிறேன் என்று அலுமினிய நட்டு வாங்குவதும் வேண்டாம். சில நூறு கிராமுக்காகப் புரியைத் தேய்த்துக்கொள்ளும் வேலை அது. எஃகு நட்டு போட்டு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் கார் கம்பெனி சொன்ன அளவுக்கு இறுக்கி, 100 கிலோமீட்டருக்குள் மறுபடி ஒருமுறை சரிபாருங்கள்.

வாங்கிய பிறகு நடக்கும் தவறும் ஒன்று உண்டு. நிறம் மாற்ற பவுடர் கோட்டிங் கொடுப்பார்கள். அந்த அடுப்பு 180 முதல் 200 டிகிரி வரை போகும். அலுமினிய வீலுக்கு உறுதி கொடுக்கும் வெப்பப் பதப்படுத்தலின் கடைசிக் கட்டமே ஏறக்குறைய இந்த அளவிலோ இதற்குச் சற்றுக் கீழேயோதான் நடக்கிறது. திரும்பத் திரும்ப அடுப்பில் வைத்தால் அந்த உறுதி இறங்கும். வெடிப்பை வெல்டிங் வைத்து மூடுவது இன்னும் மோசம். ட்ராக்கில் ஓட்டுபவர்கள் வீலைக் கழற்றும்போதெல்லாம் கழுவி, டார்ச் அடித்து ஸ்போக்கின் அடிப்பகுதியையும் உள்வளையத்தையும் பார்ப்பார்கள். ஆணி எதுவும் குத்தாமலே ஒரு டயரில் மட்டும் காற்று மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தால், பஞ்சர் கடையில் டயரை மட்டும் தண்ணீரில் முக்கிப் பார்க்காமல் ரிம்மையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.