ஆங்கிலத்தில் வருங்காலம்: 'வில்' எங்கே வரும், எங்கே வரக்கூடாது

கோ, வென்ட், வில் கோ என்று மூன்று கட்டம் போட்ட அட்டவணையை மனப்பாடம் செய்து ஆங்கிலம் கற்றவர்களுக்கு, நாளை நடக்கப்போகும் எதைச் சொன்னாலும் வாயில் முதலில் வருவது 'வில்'தான். ஆனால் ஆங்கில வினைச்சொல் நிகழ்காலத்துக்கும் இறந்தகாலத்துக்கும் மட்டுமே உருவம் மாறும். நம் 'வருவேன்', 'படிப்பேன்' போல வருங்காலத்துக்கென்று தனி உருவம் அதில் கிடையாது. அதனால்தான் நாளைய விஷயத்தைச் சொல்ல அந்த மொழியில் பல வழிகள் இருக்கின்றன. எந்த இடத்தில் எதை எடுப்பது என்பதை எனக்குத் தெளிவான வரிசையிலேயே எழுதுகிறேன். 'கோயிங் டு' வாக்கியம் எப்படி அமையும், 'ஐஎன்ஜி' எங்கே சேரும் என்பதெல்லாம் தெரிந்ததாகவே வைத்துக்கொள்கிறேன்.

படி 1: "எதை வைத்துச் சொல்கிறேன்?"

சீக்கிரம் நடப்பதற்கு 'கோயிங் டு', தள்ளி நடப்பதற்கு 'வில்' என்று ஒரு விதி சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை மறந்துவிடுங்கள். பள்ளியில் படிக்கும் பிள்ளை "ஐ'ம் கோயிங் டு பி எ டாக்டர்" என்று சொல்லும். அது நடக்கப் பல வருடம் ஆகும். "ஐ'ல் கால் யூ பேக்" என்பது இன்னும் 2 நிமிடத்தில் நடக்கலாம். தூரத்துக்கும் வடிவத்துக்கும் சம்பந்தம் இல்லை.

வாக்கியத்தைத் தொடங்கும் முன் உங்களையே கேளுங்கள்: இதை நான் எதை வைத்துச் சொல்கிறேன்? இப்போதுதான் மனதில் தோன்றியதா, முன்பே முடிவு செய்ததா, இன்னொருவரோடு பேசி நேரம் குறித்ததா, அச்சடித்த கால அட்டவணையில் இருப்பதா? பதில் கிடைத்துவிட்டால் வடிவமும் கிடைத்துவிடும்.

படி 2: இப்போது தோன்றியதற்கு 'வில்'

அலுவலகத்தில் போன் அடிக்கிறது. "நான் எடுக்கிறேன்" என்று எழுகிறீர்கள். ஆங்கிலத்தில் "ஐ'ல் கெட் இட்". அந்த இடத்தில் "ஐ'ம் கோயிங் டு கெட் இட்" என்றால், போன் வரும், நான்தான் எடுப்பேன் என்று முன்பே தீர்மானித்து வைத்திருந்தது போல ஒலிக்கும். ஒருவர் கனமான பெட்டியைத் தூக்க முடியாமல் நிற்கும்போதும் "ஐ'ல் ஹெல்ப் யூ"தான்.

இங்கே தமிழ் நம்மைக் கொஞ்சம் திசை திருப்பும். "நான் எடுக்கிறேன்", "அப்புறம் கூப்பிடுகிறேன்", "நானே சொல்லிவிடுகிறேன்" என்று நிகழ்கால உருவத்தில்தான் பேசுகிறோம். அதை அப்படியே கொண்டுபோய் "ஐ ஆம் டெல்லிங் ஹிம்" என்று வைத்துவிடாதீர்கள். அந்த நொடியில் ஏற்றுக்கொள்ளும் வேலை எதுவானாலும் 'வில்'. வாக்குறுதியும் அப்படித்தான்: "ஐ வோன்ட் டெல் எனிஒன்." "அவருக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன்" என்பது போன்ற ஊகமும் இதில் சேரும்: "ஐ திங்க் ஹீ'ல் லைக் இட்."

பேசும்போது 'ஐ வில்' என்று அழுத்திச் சொல்லாமல் 'ஐ'ல்' என்றே பழகுங்கள். முழுதாகச் சொன்னால் பிடிவாதமாகவோ சபதம் போலவோ கேட்கும்.

படி 3: முன்பே முடிவு செய்தது, நேரம் குறித்தது

'கோயிங் டு' நமக்குச் சுலபம். "எழுதப் போகிறேன்", "கேட்கப் போகிறேன்" என்று நாமும் 'போ' என்ற வினையை வைத்தே சொல்கிறோம். தமிழில் 'போகிறேன்' இயல்பாக வந்து ஒட்டும் இடத்தில் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் 'கோயிங் டு' ஒட்டும். கண்முன் அறிகுறி தெரியும்போதும் இதுவே. மேகம் கறுத்துக்கொண்டு வருகிறது: "இட்'ஸ் கோயிங் டு ரெய்ன்."

இன்னொருவரோடு பேசி, நாளும் நேரமும் குறித்தாகிவிட்டது என்றால் நிகழ்காலத் தொடர்வினை: "ஐ'ம் மீட்டிங் தி மேனேஜர் டுமாரோ." இதைக் கேட்பவருக்கு, சந்திப்பு உறுதியாகிவிட்டது என்று புரியும். "ஐ'ல் மீட் தி மேனேஜர் டுமாரோ" என்றால், சரி பார்த்துவிடுகிறேன் என்று இப்போதுதான் ஒத்துக்கொண்டது போல இருக்கும். இரண்டும் இலக்கணப்படி சரி, செய்தி மட்டும் வேறு. மழை யாரோடும் பேசி நேரம் குறிப்பதில்லை என்பதால் "இட் இஸ் ரெய்னிங் டுமாரோ" என்று சொல்ல முடியாது.

படி 4: கால அட்டவணை

ரயில், விமானம், தேர்வு, வகுப்பு. சாதாரண நிகழ்காலம் போதும்: "தி ட்ரெய்ன் லீவ்ஸ் அட் சிக்ஸ்." உங்கள் சொந்த ஏற்பாட்டை இந்த வடிவத்தில் சொல்லாமல் இருந்தால் சரி.

படி 5: 'வென்', 'இஃப்' வரும்போது

என்னை அதிக காலம் பிடித்து வைத்திருந்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். "அவர் வந்ததும் சொல்வேன்." இரண்டு வேலையும் இனிமேல்தான் நடக்கப்போகிறது. ஆனாலும் "வென் ஹீ வில் கம், ஐ வில் டெல் ஹிம்" என்பது தவறு. சரியானது: "வென் ஹீ கம்ஸ், ஐ'ல் டெல் ஹிம்."

காரணத்தை நம் வாக்கியத்திலேயே பார்க்கலாம். 'வந்ததும்' என்பதில் இருப்பது இறந்தகால உருவம். ஆனால் யாரும் அதை நேற்று நடந்ததாக எடுத்துக்கொள்வதில்லை. 'சொல்வேன்' என்ற வினைமுற்று காலத்தைச் சுமக்கிறது, முன்னால் வரும் வினை அதன் மேல் சாய்ந்து நிற்கிறது. ஆங்கிலமும் இதையேதான் செய்கிறது. முதன்மை வாக்கியத்துக்கு ஒரு 'வில்' கொடுத்தால் போதும், துணை வாக்கியம் நிகழ்காலத்தில் நிற்கும்.

ஆகவே, தமிழில் வாக்கியத்தை நினைத்துப் பாருங்கள். வினைமுற்று எதுவோ அதற்கு மட்டும் 'வில்'. 'வந்தால்', 'வந்ததும்', 'வரும்போது', 'வரும்வரை', 'வருவதற்கு முன்' என்று முடிபவை எல்லாம் சாதாரண நிகழ்காலம். 'இஃப்', 'அன்லெஸ்', 'பிஃபோர்', 'ஆஃப்டர்', 'அன்டில்', 'ஆஸ் சூன் ஆஸ்', 'பை தி டைம்' எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

"மழை பெய்தால் வரமாட்டேன்": "இஃப் இட் ரெய்ன்ஸ், ஐ வோன்ட் கம்."
"நீங்கள் திரும்பி வரும்வரை இங்கேயே இருப்பேன்": "ஐ'ல் ஸ்டே ஹியர் அன்டில் யூ கம் பேக்."

ஒரு வேலை முழுசாக முடிந்த பிறகுதான் அடுத்தது என்று அழுத்த வேண்டுமானால் 'ஹேவ்' சேருங்கள்: "ஐ'ல் கால் யூ வென் ஐ'வ் ஃபினிஷ்ட்." அங்கும் 'வில்' உள்ளே நுழையாது.

படி 6: "செய்துகொண்டிருப்பேன்", "செய்திருப்பேன்"

நாளை இந்நேரம் எழுதிக்கொண்டிருப்பேன்: "திஸ் டைம் டுமாரோ ஐ'ல் பி ரைட்டிங்." பத்து மணிக்குள் முடித்திருப்பேன்: "ஐ'ல் ஹேவ் ஃபினிஷ்ட் பை டென்." தமிழும் ஆங்கிலமும் ஒன்றாக நடப்பதால் கட்டுவது எளிது. ஒரே ஒரு எச்சரிக்கை: "நீ கேட்டிருந்தால் முடித்திருப்பேன்" என்னும்போது அது நடக்காமல் போன விஷயம். அதற்கு 'வில் ஹேவ்' கிடையாது, 'வுட் ஹேவ்'.

"வில் யூ பி கமிங் டுமாரோ?" என்று கேட்பது எனக்கு மிகவும் பிடித்த வடிவம். "வில் யூ கம்?" என்றால் வாருங்கள் என்று அழைப்பது போல இருக்கும். 'பி கமிங்' சேர்த்தால் உங்கள் திட்டத்தை மட்டும் விசாரிக்கிறீர்கள், அவரை நெருக்கவில்லை.

பயிற்சிக்கு

இலக்கணப் பிழை திருத்தும் செயலிகளை இந்த விஷயத்தில் நம்பாதீர்கள். 'ஐ'ல் மீட்'டும் பிழை இல்லாத வாக்கியம், 'ஐ'ம் மீட்டிங்'கும் அப்படியே. நீங்கள் எதை மனதில் வைத்துச் சொன்னீர்கள் என்று செயலிக்குத் தெரியாது. மொழிபெயர்ப்புச் செயலியும் தனி வாக்கியத்தை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு நோட்டும் பேனாவும் மேல். இரவில் அடுத்த நாளைப் பற்றி நாலு வரி எழுதி, ஒவ்வொன்றின் ஓரத்திலும் "எதை வைத்து?" என்பதற்கான பதிலைத் தமிழில் குறித்துவையுங்கள். பதிலும் வடிவமும் பொருந்தாத வரி தானாகவே கண்ணில் படும்.

பின்சேர்க்கை

'வென்' வந்தால் 'வில்' கூடாது என்றால் "ஐ டோன்ட் நோ வென் ஹீ வில் கம்" எப்படிச் சரியாகும் என்று சிலர் கேட்டிருந்தார்கள். மிக நல்ல கேள்வி, படி 5-இலேயே சொல்லியிருக்க வேண்டியது. இதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள்: "அவர் எப்போது வருவார் என்று தெரியாது." இங்கே 'வரும்போது' இல்லை, 'எப்போது வருவார் என்று' இருக்கிறது. 'வருவார்' வினைமுற்று. அதனால் 'வில்' வரலாம். 'இஃப்' சொல்லுக்கும் இதே சோதனைதான். 'வந்தால்' என்ற பொருளில் 'வில்' வராது, 'வருவாரா என்று' என்ற பொருளில் வரும்: "ஐ டோன்ட் நோ இஃப் ஹீ வில் கம்."

இன்னொருவர் "தி கார் வோன்ட் ஸ்டார்ட்" என்ற வாக்கியத்தை அனுப்பி, கார் நாளைக்கு ஓடாது என்று பொருளா எனக் கேட்டார். இல்லை, இது இப்போதைய நிலைமை. "ஸ்டார்ட் ஆகமாட்டேன் என்கிறது" என்று நாம் சலித்துக்கொள்வோமே, அதேதான்.